எவரும் இறக்காத ஒரு தாமான்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே,

பணி அனுபவங்களைச் சொல்ல ஓய்வூதியம் வாங்குவோருக்கே உரிமை உண்டு என்பது ஒரு மரபு. அம்மரபை நான் இன்று மீறுகிறேன். எனக்கு நரை விழவில்லை, மூக்குக்கண்ணாடிகூடக் கிடையாது. ஆயினும் பேராக் மாநிலப் பிறப்பு இறப்பு ஆய்விலிருந்து விடைபெற்று, தலைநகரில் வேறொரு பிரிவுக்குப் போகிறேன். ஒரு நாற்காலியிலிருந்து எழுபவர், அதில் அமர வருபவருக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுவதே முறை. மேலும், பேசச் சொன்னால் மறுக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிநாள் முதலே இருந்ததில்லை.

ஆம், நான் மேடையில் வளர்ந்தவள். பல்கலைக்கழகச் சொற்போர்களில் ஒட்டியும் பேசியிருக்கிறேன், வெட்டியும் பேசியிருக்கிறேன், இரண்டிலும் வென்றிருக்கிறேன். இந்த ஆய்வுப் பிரிவு என்னைத் தேர்ந்தெடுத்ததே, எண்களை அவையில் வாய்திறக்க வைக்க ஓர் ஆள் தேவை என்பதற்காகத்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைக் குறைத்துக்கொள்ளும்படி உங்களிடம் ஒரு கதை சொல்லப்போவதில்லை. அந்தப் பெருமை எங்கே பயன்பட்டது என்பதையே சொல்லப்போகிறேன்.

நம் தொழிலின் அடிப்படை எளியது. ஓரிடத்தில் ஓராண்டில் பிறந்தவர்களிலிருந்து இறந்தவர்களைக் கழித்தால் எஞ்சுவது அவ்விடத்தின் இயற்கைப் பெருக்கம். வேலை தேடிப் போனவரும் வீடு மாறி வந்தவரும் அதில் சேரார். தொட்டிலும் பாடையும் மட்டுமே அந்தத் தராசின் இரு தட்டுகள். ஒரே மாநிலத்துக்குள் இது இடத்துக்கு இடம் எப்படி வேறுபடுகிறது என்பதை இனி நாளும் காண்பீர்கள். ஆயர் தாவார்ப் பக்கம் ஒரு விதம். கோப்பெங் பக்கம் வேறு விதம். ஈயச் சுரங்கம் வற்றிய ஊரில் முதியவர் மிகுவர். வேலை பெருகிய ஊரில் தொட்டில் மிகும். இவ்வளவும் பாடநூலில் இருக்கிறது. பாடநூலில் இல்லாததற்கு வருகிறேன்.

ஓர் அறவாரியம் நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. இரண்டு குடியிருப்புகளை அது தத்தெடுத்திருந்தது. ஒன்று ஈப்போ நகரின் ஓரத்தில் எழுந்த புதிய தாமான். வரிசை வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு கார் கொட்டகையில் இரண்டு காடிகள். மற்றது சுங்காய்க்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறி, வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டபோது தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த சிறிய தாமான். ஓரிடத்தில் குழந்தைப் பராமரிப்பு மையம் அமையும். மற்றோரிடத்தில் முதியோர் பகல்நேர மையமும், வீடு தேடிவரும் ஒரு தாதியும். எதை எங்கே வைப்பது? பிறப்பும் இறப்பும் எங்கே எப்படி இருக்கின்றன என்று நாம் சொல்ல வேண்டும். நாம் சொல்வதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலை ஈப்போவில் கூட்டம் கூடி, அன்றே கையெழுத்தாகும்.

வீடு வீடாகக் கேட்டுவந்த விடைகள் மிகத் தெளிவாக இருந்தன. சுங்காய்த் தாமானில் பிறப்பு நிறைய. இறப்பு ஏறத்தாழ இல்லை. ஈப்போத் தாமானில் பிறப்பு குறைவு, இறப்பு மிகுதி. ஆகவே தோட்டத்து மக்களுக்குக் குழந்தைகள் மையம், நகரத்து மக்களுக்கு முதியோர் மையம். எவரும் எதிர்பாராத முடிவு. எதிர்பாராத முடிவைவிட ஒரு பேச்சாளிக்கு இனிப்பானது ஏதுமில்லை. "நகரம் நரைக்கிறது, தோட்டம் துளிர்க்கிறது" என்று தொடங்கி ஓர் உரையை எழுதி முடித்தேன். அதை வாய்விட்டுப் படித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

என்னோடு களப்பணி செய்தவர் தேவன். என் வயதுதான், என்னை அவர் பெயர்சொல்லி அழைத்ததே கிடையாது. "நடுவரே" என்றுதான் கூப்பிடுவார்.

"நடுவரே, தீர்ப்பு எழுதியாச்சா?"

"எழுதியாச்சு. திரையில காட்ட ஒரு படம் மட்டும் வேணும். சுங்காய்ல பிள்ளைங்க கூட்டமா விளையாடுற மாதிரி."

"ஒங்க பேச்சுக்கே கண்ணு கலங்கிடும். இதுல படம் வேறயா?" என்றார். என்றாலும் வியாழக்கிழமை காலை காடியை எடுத்தார்.

நண்பர்களே, அந்தத் தாமானில் நாங்கள் ஒரு குழந்தையைத் தேடி அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதை நான் மறக்கவே மாட்டேன். தெருக்கள் மிகத் தூய்மையாக இருந்தன. கொடிகளில் வேட்டி, கைலி, சேலை எல்லாம் காய்ந்தன. ஒரு சின்னச் சட்டைகூட இல்லை. வாசல்களில் கைத்தடி இருந்தது, மிதிவண்டி இல்லை. எங்கள் விடைகளின்படி, ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் பச்சைக்குழந்தை அழுதுகொண்டிருக்க வேண்டும். தொலைக்காட்சி நாடகத்தில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தது மட்டுமே எங்களுக்குக் கேட்டது.

முனையில் ஒரு மளிகைக்கடை. தண்ணீர் வாங்கப் போனோம். கடைக்காரருக்குப் பின்னால் கூரை முட்ட டயப்பர் அடுக்கியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன், அத்தனையும் பெரியவர்களுக்கானவை.

"அண்ணே, பிள்ளைங்களுக்கு உள்ளது இல்லையா?"

"அது சீசனுக்குத்தான்லா வரும்."

"சீசனா?"

"டுரியான் பழம் மாதிரிதான். ஏதாச்சும் ஒரு வீட்டுக்கு மக வந்து இறங்கும். மூணு மாசம் கட்டுக் கட்டாப் போவும். அப்புறம் மருமகன் காடியில வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. அதோட சரி, அடுத்த மக வர்ற வரைக்கும் ஈயாடும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, சொல்லிவெச்சு எடுத்துத் தாரேன்" என்றார்.

தேவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எனக்குத் தெரியாத செய்தியா? என் அக்காள் பிள்ளை பெற்று வந்தபோது பத்தியக் குழம்புக்கு மிளகு அரைத்தவளே நான்தான். ஆனால் அந்த வழக்கத்தை நம் வீட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு அது இல்லாமல் வந்துகொண்டிருந்தோம். "கடந்த ஓராண்டில் இந்த வீட்டில் பிறப்பு உண்டா?" என்று கேட்டோம். உண்டு என்றார்கள். பொய்யே இல்லை.

அப்படியென்றால் இறப்பு? அதையும் அறிந்துவிட வேண்டும் என்று, எங்கள் விடைகளில் மிக அதிகப் பிறப்பு பதிவாகியிருந்த வீட்டுக்குப் போனோம். சரஸ்வதி அக்காவின் வீடு. செம்பனை ஆலையின் அலுவலகத்தில் காலை நேரம் துப்புரவு வேலை செய்பவர். இரண்டு மகள்களும் அந்த ஆண்டில் அடுத்தடுத்து அங்கே வந்து பிள்ளை பெற்றுப் போயிருந்தார்கள். நடுக்கூடத்து உத்தரத்தில் தொட்டில் கட்டும் கொக்கி வெறுமனே தொங்கியது. அதன் கீழே ஒரு கட்டில். கட்டிலில் அவர் கணவர் மாணிக்கம், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் அசையாதவர், பேச்சும் போய்விட்டது.

"பாப்பாவ படம் புடிக்க வந்தீங்களா?" என்றார் அக்கா. "இந்தா இருக்காரு, புடிங்க. இந்த வீட்டுக்கு இவருதான் பாப்பா. ஊட்டணும், தொடைக்கணும், பொரட்டிப் போடணும். ஒரு வித்தியாசம்தான், இது வளராது."

மாணிக்கம் அசையும் பக்கத்து உதட்டால் சிரித்தார். அவருக்குச் செவி நன்றாகவே கேட்டது.

நான் இறப்பைப் பற்றி மெல்லக் கேட்டேன். பக்கத்து வீடுகளில் இந்த ஆண்டு யாராவது தவறினார்களா என்றேன்.

"இங்க யாரும் சாவுறதில்ல பிள்ள."

"அப்படின்னா?"

"சாவுற மாதிரி ஆனா மகன் காடி வந்துரும். ஈப்போவுக்கு ஏத்திக்கிட்டுப் போயிருவான். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டருன்னு சொல்லுவான். அங்க போயி ரெண்டு மாசத்துலயோ மூணு மாசத்துலயோ கத முடிஞ்சிரும். காரியமும் அங்கயே. இடது பக்கத்து வீட்டுப் பெரியவரு அப்படித்தான் போனாரு. எதுத்த வீட்டு அக்காவும் அப்படித்தான். நீங்க வந்து 'இந்த வீட்ல சாவு உண்டா'ன்னு கேட்டா, வாசல்ல நின்னு யாரு உண்டுன்னு சொல்லுவா? அதான் இங்க நடக்கலையே."

அவ்வளவுதான். நாங்கள் மனிதர் இடம்பெயர்வதைக் கவனமாகக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருந்தோம். ஆனால் இங்கே பிறப்பே இடம்பெயர்கிறது, இறப்பே இடம்பெயர்கிறது. நகரத்துக் குழந்தை தோட்டத்தில் பிறக்கிறது. தோட்டத்து முதியவர் நகரத்தில் இறக்கிறார். மகளின் வழக்கம் ஒரு தட்டைக் கனக்க வைக்கிறது. மகனின் பாசம் மறு தட்டை வெறுமையாக்குகிறது. தோட்டம் துளிர்க்கவில்லை. அது தன் முதுமையையும் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டு வெறுமையாகிக்கொண்டிருந்தது.

"எங்க பெரியவனும் ஞாயித்துக்கிழம வர்றான்," என்றார் அக்கா, கணவரின் தலையணையைச் சரிசெய்தபடி. "நான் வேலைக்குப் போற நேரம் அப்பாவப் பாக்க ஆள் இல்லையாம். சரியாத்தான் சொல்றான், அவன் மேல குத்தம் இல்ல. ஆனா அங்க போயி இவரு என்னா செய்வாரு? சொவரப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாரு. நான் மருமக அடுப்பங்கரையில சும்மா நிப்பேன். இந்த வீடு எங்க கையால அடைச்ச கடன். இங்க ஒரு மிஸ்ஸி வந்து பாத்துட்டுப் போனாகூடப் போதும், நான் அவன்கிட்ட வேணாம்னு சொல்லிருவேன். சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும்லா?"

அவருக்கு வேண்டியிருந்த அந்தத் தாதியைத்தான் நான் அழகான தமிழில் ஈப்போவுக்கு அனுப்பத் தயாராக இருந்தேன்.

திரும்பும் வழியில் தேவன் காடியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்:

"நடுவரே, எல்லா வீட்டுலயும் மறுபடி கேக்க நேரம் இல்ல. சனிக்கிழம கூட்டம். தள்ளிப்போடச் சொல்வமா?"

"தள்ளிப்போட்டா அக்கா வீட்டுக் கட்டில் ஞாயிற்றுக்கிழம ஈப்போவுல இருக்கும்."

"அந்த ஒரு வீட்டுக்காகவா?"

"ஒரு வீட்டுக்காக இல்ல. ஒவ்வொரு மாசமும் ஒரு வீடு. அப்படித்தான் நம்ம முடிவே உருவாயிருக்கு."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சொல். நெருக்கடியில் எல்லா வேலையையும் அரைகுறையாகச் செய்வதைவிட, ஒரு வேலையைச் சரியாகச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் எங்களிடம் இருந்தது. கேள்வியை மாற்றினோம். வழக்கம் வளைக்க முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். பிறந்த குழந்தையைப் பற்றி, "இன்று அது எங்கே உறங்குகிறது?" என்று கேட்டோம். இறந்தவரைப் பற்றி, "அவர் கடைசியாக நோயில்லாமல் இருந்த தீபாவளிக்கு எந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்?" என்று கேட்டோம். எந்த வீட்டில் செத்தார் என்று கேட்டால் முகம் சுளிப்பவர்கள், எந்த வீட்டில் தீபாவளி என்றால் பலகாரம் வரைக்கும் சொல்வார்கள். தேவன் ஈப்போத் தாமானுக்கும் நான் சுங்காய்க்குமாகப் பிரிந்தோம். முடிந்த மட்டும் கேட்டோம். அது சரிபாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் கேட்ட இடமெல்லாம் தராசு தலைகீழாகவே நின்றது.

சனிக்கிழமை. ஈப்போவில் ஒரு கோயிலின் மண்டபம். அறவாரியத்தின் தலைவி செட்டிநாட்டு வழிவந்த குடும்பத்தவர், தொழிலால் வழக்கறிஞர், எல்லாரும் அவரை ஆச்சி என்றே அழைப்பர். நீதிமன்றத்தில் அவர் குறுக்குக் கேள்வி கேட்டால் சாட்சிக்கு வேர்க்கும் என்று பேச்சு. இரண்டு தாமான் மக்களும் வந்திருந்தார்கள். சுங்காயிலிருந்து ஒரு பேருந்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்கள் மண்டபத்தின் இடப்பக்கம் அமர்ந்தார்கள். ஈப்போக்காரர்கள் வலப்பக்கம்.

நான் எழுந்து, எழுதிவைத்த உரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். "எங்கள் அறிக்கையின் விடைகள் யாவும் சரி, முடிவு தவறு" என்று தொடங்கினேன். முந்திய நாள் கண்டதை விளக்கினேன்.

ஆச்சி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒங்க அறிக்கைய நீங்களே எதுத்துப் பேசுறீங்களா?"

"ஆமாம் ஆச்சி."

"எத்தன வீட்டுல திரும்பக் கேட்டீங்க? எல்லாத்துலயுமா?"

"இல்லை. பாதிகூட இல்லை."

"அப்ப முழுசாக் கேட்டது தப்பு, பாதி கேட்டது சரி. இதத்தானே சொல்ல வர்றீங்க? எங்க வீட்டுப் பிள்ளைங்க இப்படிச் சொன்னா நான் காதத் திருகுவேன்." அவையில் சிரிப்பு எழுந்தது. "அடுத்த வருஷம் முழுசாக் கேட்டுட்டு வாங்க. இன்னிக்கு இருக்குற அறிக்கைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, குறை இருந்தா பின்னாடி திருத்திக்கலாம்."

இடப்பக்கத்தில் சரஸ்வதி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர்களே, எண்களால் நிறுவ முடியாத நிலை. விட்டுவிடவும் முடியாத நிலை. மேடை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று அப்போது கைகொடுத்தது. சொற்போரில் உங்கள் ஆதாரம் போதாதபோது, எதிரணியின் ஆதாரத்தையே பார்க்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் உங்கள் கண்முன்னே உட்கார்ந்திருக்கும்.

"ஆச்சி, அடுத்த ஆண்டு வேண்டாம். இப்போதே கேட்கலாம். நாங்கள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இந்த மண்டபத்தில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்."

வலப்பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பெண், இன்னொரு பெண், பின்வரிசையில் பலர் என எழுந்தார்கள். எழுந்த அசைவில் விழித்துக்கொண்ட குழந்தை ஒன்று கத்தியது. அதைக் கேட்டு மற்றவையும் சேர்ந்துகொண்டன. இடப்பக்கத்தில், பிறப்பு நிறைந்த சுங்காயின் பக்கத்தில், ஒருவரும் எழவில்லை. எழ முயன்ற ஒரு பெரியவரும் மூத்திரம் கழிக்கப் போக வழி கேட்டார்.

ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் குழந்தையோடு நின்ற பெண்ணைப் பார்த்துக் கேட்டார்:

"ஒன் பேரு என்னாம்மா?"

"யோகா, ஆச்சி."

"எந்தத் தாமான்?"

"இங்கதான், ஈப்போ."

"பிள்ள எங்க பொறந்துச்சி?"

"எங்கம்மா வீட்டுல. சுங்காய்."

"ஒங்க வீட்டுல கணக்கெடுக்க வந்தப்போ என்னா சொன்னீங்க?"

"எங்க மாமியாருதான் பதில் சொன்னாங்க. எங்க வீட்டுல பிரசவம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அது சரிதானே? எங்கம்மா வீட்டுலதானே செலவு ஆச்சு."

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. ஆச்சி சிரிக்கவில்லை. "இப்பப் பிள்ளைய யாரு பாக்குறா?"

"நான்தான். லீவு முடியப்போவுது. பாத்துக்க ஆள் கெடைக்கல. வேலைய விட்டுறலாமான்னு யோசிக்கிறேன்."

அதுவரை அடக்கிவைத்திருந்தவர்போல் இடப்பக்கத்திலிருந்து சரஸ்வதி அக்கா எழுந்தார். யோகா அவருடைய இளைய மகள்.

"நான்தான் கொண்டாந்து உடுன்னு சொன்னேன்லா! கேட்டாளா இவ?"

"ஏம்மா, நீ அப்பாவப் பாப்பியா, பிள்ளையப் பாப்பியா? ரெண்டும் ஒரே நேரத்துல அழுவும்!"

"ஒங்கப்பா அழுவ மாட்டாருடி. ஒன்ன மாதிரி வாயாடி இல்ல அவரு."

"அவருக்குப் பேச்சு வராதும்மா!"

"வந்தப்பவும் நான் பேச உட்டதில்ல," என்றார் அக்கா. இந்த முறை ஆச்சியும் சிரித்துவிட்டார். மண்டபத்தின் இரு பக்கமும் ஒரே குடும்பம்போல் சிரித்தது. அதில் பாதி உண்மையில் ஒரே குடும்பம்தான்.

சிரிப்பு அடங்கியதும் ஆச்சி அக்காவிடம் மெல்லக் கேட்டார், "ஒங்க வீட்டுக்காரரு இப்ப யாரு கையில?"

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்கு என்னைவிட வயசு. நாளைக்கு எங்க பெரியவன் வந்து இவர ஈப்போவுக்குக் கொண்டுபோறான். எனக்குப் போவப் பிடிக்கல ஆச்சி. அவ்ளோதான், வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

ஆச்சி அறிக்கையைப் புரட்டினார். ஒரு வழக்கறிஞர் தன் மனம் மாறியதை ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொற்போராளியான நான் அறிவேன். எங்கள் இனத்துக்கே உரிய நோய் அது.

"பிள்ளைங்க மையம் ஈப்போவுல. முதியோர் மையம் சுங்காய்ல," என்றார் கடைசியில். "ஆனா கட்டடத்துக்கு இப்பக் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க ஒரு வீடு விடாமக் கேட்டு முடிக்கணும், அதுக்கப்புறம்தான். அதுவரைக்கும் கட்டடத்துக்குக் காத்திருக்க வேணாம். திங்கக்கிழமையிலேருந்து மிஸ்ஸி சுங்காய்க்குப் போவட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அதுல வேற மாதிரி வந்துச்சின்னா ஒங்க காதுதான்" என்றார்.

வேறு மாதிரி வரவில்லை. என் காதுகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மூத்த மகன் காடியோடு வந்தார். திங்கட்கிழமை தாதி வரப்போகிறார் என்று அம்மா சொன்னதும், அவர் முகத்தில் கோபத்தைவிட ஆறுதலே தெரிந்ததாம். அவர் மனத்துக்குள்ளும் அந்தப் பயணம் பிடிக்கவில்லை போலும். அப்பாவை விட்டுவைக்க அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தனியே திரும்பினார். சில மாதங்களில் ஈப்போத் தாமானில் குழந்தைகள் மையம் திறந்தது. யோகா வேலையை விடவில்லை.

இப்போது உங்களுள் ஒருவருக்கு வருகிறேன். யார் என்று சொல்லமாட்டேன். அவர் தலைகுனியத் தேவையில்லை, நல்ல வேலைதான் செய்தார். இந்த ஆண்டுச் சுற்றின் முடிவுகள் வந்ததும் அவர் என் மேசைக்கு ஓடிவந்தார். "சுங்காய்த் தாமான்ல ஏதோ பிழை. போன சுற்றுல இயற்கைப் பெருக்கம் எவ்வளவு இருந்துச்சு! இந்தத் தடவை பூஜ்யத்துக்குக் கீழ போயிருக்கு. இறப்பு திடீர்னு ஏறியிருக்கு. திருப்பி அனுப்பவா?" என்றார்.

திருப்பி அனுப்ப வேண்டாம் என்றேன். கேள்வியை மாற்றியதால் பிறப்பு அதற்குரிய வீட்டுக்குப் போய்விட்டது. அது ஒரு பாதி. மறுபாதியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே மரணம் பெருகவில்லை. எந்த வீட்டில் இறந்தார் என்ற பழைய கேள்வியைக் கேட்டாலும் இறப்பு இப்போது ஏறித்தான் இருக்கும், ஏனெனில் அங்கே வாழ்ந்தவர்கள் இப்போது அங்கேயே இறக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த ஆய்வாளரும் இறப்பு கூடியதற்காக மகிழ்ந்திருக்கமாட்டார், நான் மகிழ்ந்தேன். ஓர் எண் இறங்குவது எப்போதும் ஓர் ஊரின் தோல்வி அன்று. சில நேரம் அந்த ஊர் தன் மக்களைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

அந்த இறப்புகளில் ஒன்று மாணிக்கத்துடையது. கேள்விப்பட்டதும் தேவனும் நானும் சுங்காய்க்குப் போனோம். வீடு நிறைய மக்களும் மருமக்களும். தாதி ஒரு மூலையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டிருந்தார். சரஸ்வதி அக்கா எங்களைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அழுது முடித்த முகம். ஆனால் குரல் பழைய குரல்.

"காலையில மிஸ்ஸி வந்து தொடச்சி விட்டுச்சி. கஞ்சி குடிச்சாரு. ஒரு மாதிரி மூச்சு வாங்குறாரேன்னு பெரியவனுக்குப் போன் போட்டேன். ஒடனே வாரேன், ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்னு காடிய எடுத்துட்டான். அவன் பாதி வழியில கம்பார் தாண்டுறதுக்குள்ள இவரு என் கையப் புடிச்சமேனிக்கே போயிட்டாரு."

கட்டில் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இங்கயே இருங்கன்னு சொல்லியிருந்தேன். தாலி கட்டுன நாள்லேருந்து அந்த மனுஷன் என் பேச்சக் கேட்டது இது ஒண்ணுதான் பிள்ள."